சார், பெல்லு அடிச்சா அடிக்கட்டும்!

யாரைப் பார்த்தாலும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். டீக்கடையில் சொல்லியாயிற்று, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று, வீட்டில் "மறுபடியும் அந்த டைரிக் கதையா?" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். இனி நீங்கள்தான் பாக்கி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தைந்து பேராக வட்டம் போட்டு உட்கார்ந்து, வாத்தியார் ஒருத்தர் நிற்பதையே மறந்து, ஒரு கதைக்காக மல்லுக்கு நிற்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்கவில்லையென்றால், ஐயா, அம்மா, தமிழ் வகுப்பில் என்னவெல்லாம் நடக்கும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது!

விஷயம் ரொம்ப எளிது. நாலைந்து புத்தகங்களைக் காட்டி, ஒவ்வொன்றையும் பற்றி ஆசை காட்டுகிற மாதிரி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எது வேண்டும் என்று பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள். ஒரே புத்தகத்தை எடுத்தவர்கள் ஒரு குழு. எதுவரை படித்துவிட்டு வருவது என்பதையும் அவர்களே பேசி முடிவு செய்வார்கள். குழுவுக்குள் ஆளுக்கொரு வேலை: ஒருவர் கேள்வி கொண்டுவர வேண்டும், ஒருவர் மனதில் தைத்த இடத்தைக் கோடு போட்டு வர வேண்டும், ஒருவர் படம் வரைய வேண்டும், ஒருவர் புரியாத சொல்லைத் தேடி வர வேண்டும், ஒருவர் கதையை நம் ஊரோடு முடிச்சுப் போட வேண்டும். அமெரிக்காவில் சிகாகோ பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியர்கள் இப்படிச் செய்ததை வைத்து ஹார்வி டேனியல்ஸ் 1994-ல் ஒரு புத்தகமே போட்டார். எல்லாம் சரி, வாத்தியாருக்கு என்ன வேலை? வாயை மூடிக்கொண்டிருப்பது! அதைவிடக் கஷ்டமான வேலை இந்த உத்தியோகத்தில் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன்.

இப்போது கற்பனை செய்துகொள்ளுங்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்த முதல் பீரியட். கரிசக்காட்டு வெயில், கொட்டாவி, கரகரவென்று சுற்றுகிற ஃபேன், யாரோ ஒருத்தன் பையிலிருந்து கிளம்பி வருகிற கடலைமிட்டாய் வாசனை. ஜன்னலோரக் குழுவின் கையில் கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைகள் எல்லாரும் ஒட்டிக்கொள்கிற ஒரு மனிதர் வேறு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார், சாரங்கனுக்குக் கொடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பையன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், தானே ஒரு டைரியை நீட்டி, இது நீங்கள் எனக்குத் தந்த அன்பளிப்பு என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறான். கேள்வி கொண்டுவர வேண்டியவன், பரீட்சைத் தாளில் இரண்டு வரிக்கு மேல் எழுதவே எழுதாத பயல், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கிறான்: "கேட்டு வாங்கினா அது அன்பளிப்பா?"

அவ்வளவுதான், வெடித்தது! "அவரு மறந்துட்டாருல்ல, வேணும்னா செஞ்சாரு?" என்று ஒருத்தி கேட்க, "மறக்குறதுதாம்ல பெரிய தப்பு, எங்க சித்தப்பா துபாய்லேர்ந்து வரும்போது என்னைய மட்டும் மறந்துட்டாரு" என்று இன்னொருத்தன் முகம் சிவக்க, "சாரங்கனுக்கு டைரியா வேணும்? அவரு கையெழுத்துல தன் பேரு வேணும்" என்று மூன்றாவது ஒரு குரல் வர, அதுவரை வாயே திறக்காத படக்காரப் பெண் தன் நோட்டைத் திருப்பிக் காட்டுகிறாள், அதில் சாரங்கனும் இல்லை, அந்த மனிதரும் இல்லை, திறந்த ஒரு டைரிப் பக்கமும் அதன்மேல் நடுங்குகிற ஒரு பேனா முனையும் மட்டும், "இவருக்கு இப்ப வெக்கமா இருக்கும், அதான் கை ஆடுது" என்கிறாள், நான் ஜன்னலோரம் நின்றுகொண்டு குதிக்காத குறை, கையில் இருந்த சாக்பீஸ் தூள் தூளாகிவிட்டது, கண் வேறு கலங்கித் தொலைக்கிறது, பெல் அடிக்கிறது, ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை, "சார், பெல்லு அடிச்சா அடிக்கட்டும் சார்" என்கிறார்கள், தமிழ்ப் பாடத்துக்கு, மத்தியானம், ஒன்பதாம் வகுப்பில்!

இந்தக் கதையை நானே எத்தனையோ முறை நோட்ஸ் போட்டு நடத்தியிருக்கிறேன். அந்த ஆடுகிற கை என் நோட்ஸில் இல்லவே இல்லை.

அதோடு விட்டார்களா? ஊரோடு முடிச்சுப் போட வேண்டிய பையன், எழுதியவர் இடைசெவல்காரர் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்துவிட்டான். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் இருக்கிற இடைசெவல்! "எங்க அத்தை ஊருக்குப் பக்கம் சார்!" கி. ராஜநாராயணனும் அதே ஊர்தான் என்று நான் ஒரே ஒரு வரி சொன்னேன் (சொல்லக்கூடாதுதான், அடக்க முடியவில்லை), மறுநாள் நூலகப் பீரோவில் கி.ரா. புத்தகம் ஒன்றுகூட மிச்சமில்லை.

பக்கத்துக் குழுவில் 'டோட்டோசான்'. தெத்சுகோ குரோயநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981-ல் ஜப்பானில் வந்த புத்தகம், நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் கொண்டுவந்தது. ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கிற டோமோயி பள்ளி. கழிப்பறைக் குழிக்குள் விழுந்த பர்ஸைத் தேடி டோட்டோ அத்தனையையும் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியர் கோபயாஷி, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். "நம்ம ஸ்கூலா இருந்தா டிசி-ய கையில குடுத்துருப்பாங்க" என்றான் ஒருத்தன். "திட்டாம போனதாலதான் அவ எல்லாத்தையும் திரும்ப உள்ள போட்டா" என்றாள் ஒருத்தி. கல்வியியல் படிப்பில் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

குறையே இல்லையா என்கிறீர்களா? சத்தம் இருக்கிறது. பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் எட்டிப் பார்ப்பார், பார்க்கட்டும். வேலையைத் தாளில் எழுதிக் கொடுத்தால் சிலர் கட்டத்தை நிரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்கள். டேனியல்ஸே 2002-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தத் தாள்களைப் பற்றி எச்சரித்திருக்கிறார். பேச்சு சூடு பிடித்ததும் தாளைப் பிடுங்கிவிடுங்கள், முடிந்தது. தட்டுத்தடுமாறிப் படிக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கவலைப்பட வேண்டாம், அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக இருக்கின்றன. ஒல்லியான புத்தகத்துக்கும் சண்டை நன்றாகவே நடக்கிறது!

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளிப் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நாளைக்கே விசாரியுங்கள். ஒரே புத்தகம் ஐந்து பிரதி கிடைத்தால் போதும், ஒரு குழுவோடு ஆரம்பித்துவிடலாம். கிடைக்கவில்லையா, ஒரு சிறுகதையை ஐந்து ஜெராக்ஸ் எடுங்கள், டீக்காசுதான் ஆகும். தயவுசெய்து, கதையின் கருத்து என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.