கட்டிலில் குடியேறிய கோழிகள்

வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுக்கிறதுக்கு முன்னாடியே கொல்லைப்பக்கம் இழுத்துக்கிட்டுப் போயிடறேன். கேஸ் சிலிண்டர் போட வந்த தம்பியைக்கூட விடலை. என் கோழிக்கூண்டைப் பார்க்காம இந்தத் தெருவுல ஒருத்தரும் தப்பிக்க முடியாது!

கூண்டுன்னா விலைக்கு வாங்கினது இல்லீங்க. தஞ்சாவூர்ல ஒரு பழைய இரும்புக் கடையில துருப்பிடிச்சுச் சாஞ்சு கிடந்த ஒத்தைக் கட்டில். 6 அடிக்கு 3 அடி. பார்த்ததும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. கடைக்காரர் விலை ஏத்திடுவாரேன்னு முகத்தை மட்டும் வேண்டாவெறுப்பா வச்சுக்கிட்டு நின்னேன். பின்ன? கோழிக்கு 2 சதுர அடின்னு போட்டாலும் 9 கோழி தங்கலாம். காலும் கூடவே வருது! தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துல காத்தோட்டமா நிக்கும், மழைத்தண்ணி அண்டாது, பெருச்சாளி குடைஞ்சு ஏற முடியாது.

நாலு மூலைக்கும் சவுக்குக் கம்பு. கூரைக்கு வீட்டுல மிஞ்சின தகரம், சூடு இறங்காம இருக்க அதுமேல தென்னங்கீத்து. அடியில இடிச்ச வீட்டுப் பலகை, பலகைமேல ரெண்டு அங்குலத்துக்கு நெல் உமி. நீளவாட்டம் கிழக்கு மேற்கா இருக்கட்டும், அப்பத்தான் வெயில் உள்ள நேரா விழாது. காசை இறக்கினது ஒரே இடத்துலதான்: அரை அங்குலக் கண் வெல்டு மெஷ். மலிவா இருக்கேன்னு மெல்லிசான கோழிவலையை வாங்கிடாதீங்க, அது கோழியை உள்ள வைக்கும், மரநாயைத் தடுக்காது. எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. மழைக்காலத்துல லேசா வாடை வரும், உமியைக் கிளறி விட்டாப் போச்சு, அதெல்லாம் ஒரு குறையா?

இப்ப நினைச்சுப் பாருங்க. வாங்கிட்டு வந்த சிறுவிடைக் கோழிகளைச் சில நாள் உள்ளேயே அடைச்சு இடத்தைப் பழக்கி, முதல்முறையா வெளியே மேய விட்டிருக்கேன், பொழுது சாயுது, வருமோ வராதோன்னு வயித்துல புளியைக் கரைக்குது, அப்போ கருப்பி மட்டும் தலையைச் சாய்ச்சு என்னை ஒரு பார்வை பார்த்துட்டு ஏணிப்பலகையில டக்கு டக்குன்னு ஏறுறா, அவ பின்னாலேயே மத்ததெல்லாம் வரிசைகட்டி ஏறுது, உள்ள போனதும் டவுன் பஸ்ல சீட் பிடிக்கிற மாதிரி குறுக்குக் கம்புல ஒண்ணை ஒண்ணு இடிச்சுத் தள்ளி உக்காந்து, றெக்கையை உதறி, தொண்டைக்குள்ளேயே குர்ர்ர்னு ஒரு சத்தம் போடுது பாருங்க, ஐயோ, நான் கட்டின வீடுங்க அது, என் கையில இன்னும் கம்பி கிழிச்ச காயம் ஆறலை, கண்ணுல தண்ணி வந்துடுச்சு, வெக்கமே இல்லாம "பாத்தியா, பாத்தியா"ன்னு கத்தி வீட்டுக்காரியை அடுப்படியிலேருந்து ஓடி வரவச்சுட்டேன்!

அதுக்கே அப்படின்னா முதல் முட்டைக்கு எப்படி இருந்திருப்பேன்? மூலையில வைக்கோல் போட்ட பழைய சட்டி, அதுல வெதுவெதுன்னு இளம்பழுப்பு முட்டை, பக்கத்துல ஊரையே கூட்டுற கொக்கரிப்பு. கன்னத்துல வச்சு வச்சுப் பார்த்தேன். பொரிக்க மனசே வரலை, மறுநாள் வரைக்கும் டம்ளர்ல நிறுத்தி வேடிக்கை பார்த்தோம்.

இப்ப கருப்பி அடைக்கு உக்காந்திருக்கா. சேவல் உபயம் பக்கத்து வீடு. 21 நாள் ஆனா குஞ்சு வந்துடும், இடம் பத்தாது. இரும்புக் கடைக்காரர்கிட்ட இன்னொரு கட்டிலுக்குச் சொல்லி வச்சிருக்கேன். டபுள் கட்டில்!