பசலையின் நிறம்

சங்கப் பாடல்களில் பயிலும் நிறங்களை உளவியல் நோக்கில் ஆராய்வோர் பலர், சிவப்புச் சினத்தையும் பச்சை வளமையையும் வெண்மை தூய்மையையும் குறிக்கும் என்றவாறு ஓர் அட்டவணையை முதலில் வகுத்துக்கொண்டு, அதனுள் பாடல்களைப் பொருத்துகின்றனர். இம்முறை இடறும் இடத்தைப் பசலை என்னும் ஒரு சொல்லே காட்டிவிடும்.

அட்டவணை இந்திய மரபிற்குப் புதிதன்று. நாட்டிய சாஸ்திரத்தின் ஆறாம் இயல் எண்சுவைக்கும் நிறம் வகுக்கிறது. நகைக்கு வெண்மை, வெகுளிக்குச் செம்மை, அச்சத்திற்குக் கருமை என அது அமையும். அரங்கக் கலைக்கு இவ்வொழுங்கு பயன்தரும். கதகளியில் பச்சை வேடத்தைக் கண்ட அளவிலேயே உயர்பண்புடைய தலைமகன் என அவையோர் உணர்வர்.

தொல்காப்பியமும் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. ஆயின் எதற்கும் நிறம் வகுக்கவில்லை. மாறாக, உரியியலில் கறுப்பு, சிவப்பு ஆகிய இரு சொற்களும் வெகுளிப் பொருளுடையன என முற்கூறி, அவை நிறத்தையும் உணர்த்தும் என்பதைப் பின்னரே கூறுகிறது. நாட்டிய சாஸ்திரத்தில் அச்சத்திற்கு உரிய கருமை இங்கு வெகுளிக்கு உரியதாதல் நோக்கத்தக்கது. 'கறுவுதல்' என்னும் வினையில் அப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. நிறத்தின் உணர்ச்சிப் பொருள் எங்கும் ஒன்றே எனக் கொள்வார்க்கு இவ்வேறுபாடே போதிய தடையாகும்.

பசலை, பசுமை, பாசி ஆகியன ஓரடிச் சொற்கள். 'பசும்பொன்' என்னும் வழக்கினால், இவ்வடி இலையின் நிறத்தோடு நில்லாது பொன்னிறத்தையும் தழுவுவது புலனாகும். எனவே பச்சைக்கு வளமை என எழுதிவைத்த அட்டவணையில், பிரிவால் மெலிந்தவளின் மேனி நிறத்திற்கு இடமில்லை. சங்கப் புலவர் பசலைக்குப் பீர்க்கம்பூவை உவமை கூறுவர், அது மஞ்சள். குறுந்தொகை 399இல் பரணர் ஊருணியின் பாசியைக் கூறுவார், அது பச்சை. இவற்றுள் எது பசலையின் நிறம் என வினவுவது பயனற்ற வினா. நீருண்போர் கைபடும்போதெல்லாம் விலகி, கை நீங்கியதும் பரவி மூடுவது பாசியின் இயல்பு. தலைவன் தொடத் தொட நீங்கி, விடவிடப் பரப்பதே பசலை. பரணர் நிறத்தைக் காட்டிலும் அதன் வரவையும் செலவையுமே உவமையாக்கியுள்ளார். இந்நுட்பத்தைத் தவறவிட்டு, பாசியின் பச்சையை மட்டும் கணக்கில் சேர்ப்பது பாடலை இழப்பதற்கு ஒப்பாகும்.

திருக்குறளின் பசப்புறுபருவரல் அதிகாரம் இதனினும் ஒருபடி மேற்செல்கிறது. விளக்கின் அழிவை இருள் எதிர்நோக்கியிருப்பது போல, தழுவலின் நெகிழ்வைப் பசப்பு எதிர்நோக்கியிருக்கிறது என்கிறாள் தலைவி (1186). அங்கு மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. பசப்பு காத்திருப்பது மட்டுமே சொல்லப்படுகிறது.