பேசாமல் காக்கப்படும் சாதி: ஊவாத் தோட்டங்களின் விலக்குகளும் அவற்றை எழுதியவர்களும்

ஊவா மாகாணத்து மடுல்சீமையிலோ லுணுகலையிலோ ஒரு தோட்டத்துக்குப் போய், ‘நீங்கள் என்ன சாதி?’ என்று வெளியாள் எவரும் நேரே கேட்டுவிட முடியாது. கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சு நின்றுவிடும். ஆனால், யார் வீட்டிலிருந்து பெண் எடுக்கலாம், இழவு வீட்டில் தப்பு (பறை) அடிக்க யாரைக் கூப்பிட வேண்டும், கோவில் திருவிழாவில் முதல் மரியாதை எந்தக் குடும்பத்துக்கு என்பதெல்லாம் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பிள்ளைகளுக்கும் தெரியும். மலையகத்தின் விலக்குகளில் மிகக் கடுமையானதாக நான் கருதுவது இந்தப் பேச்சு விலக்கைத்தான். மற்ற விலக்குகள் பலவும் இதன் மறைவில்தான் உயிர்வாழ்கின்றன.

19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆள் சேர்த்தபோது, ஊர்ச் சாதி அடுக்கும் கூடவே கப்பலேறியது. வந்தவர்களில் பள்ளர், பறையர், சக்கிலியர் பெருந்தொகையினர். கங்காணிமாரோ பெரும்பாலும் குடியானவர் எனப்பட்ட மேல்சாதிக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். தோட்ட நிர்வாகம் இந்த அடுக்கைக் கலைக்க முயலவில்லை. தனக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டது. லயங்கள் சாதி பார்த்துப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. டோபி, நாவிதர், வாசக்கூட்டி ஆகியோர் தோட்டத்துச் செக்ரோலிலேயே (பெயர்ப் பதிவேட்டிலேயே) பெயர் பதிந்து சம்பளம் பெற்றார்கள். கிராமத்தில் குலத்தொழிலாக இருந்தது இங்கே கம்பனி வேலையாயிற்று. எல்லாருக்கும் மேலே துரை உட்கார்ந்தார். அவர் எதிரே வந்தால் குடையை மடக்கி, தலைப்பாகையை அவிழ்த்து, ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற புதிய விலக்கும் சேர்ந்துகொண்டது.

ஆனாலும் தேயிலை மலை சில பழைய விலக்குகளை உடைத்தது. ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று, ஒரே சம்பளத்துக்குக் கொழுந்தெடுக்கும் இடத்தில் தீட்டைக் காப்பது கடினம். தொழிலாளர் சமூக அமைப்பை ஆராய்ந்த ஆர். ஜெயராமன், மூன்று தேயிலைத் தோட்டங்களை வைத்து எழுதிய நூலை 1975இல் வெளியிட்டார். வேலைத்தளத்தில் தளர்ந்த சாதி, திருமணத்திலும் சடங்கிலும் தொடர்வதை அந்நூல் காட்டியது. நார்வேக்காரரான ஒட்வார் ஹொலப் 1994இல் வெளியிட்ட நூல், அடிமைப்பட்ட உழைப்பையும் சாதியையும் பண்பாட்டு அடையாளத்தையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துப் பார்த்தது. 2009இல் காலிங்க டியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகிய மூவரும் தொகுத்த நூல் சிங்களவர், வடக்குத் தமிழர், மலையகத் தமிழர் என மூன்று சமூகங்களையும் எடுத்துக்கொண்டு, இலங்கையில் சாதிப் பாகுபாடு மறைந்து நின்று இயங்குவதைப் பேசியது. எனக்கு இந்த மூன்றில் கடைசி நூலே மிக முக்கியமானது. சாதி இருக்கிறதா இல்லையா என்று கேட்பதோடு நிற்காமல், சாதி ஏன் கண்ணில் படுவதில்லை என்று அந்நூல் கேட்டது.

ஏன் படுவதில்லை? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கூறுபோட்டது. இந்த நிலையில், ஒரே மக்களாக நின்றால்தான் பிழைக்க முடியும் என்று தொழிற்சங்கங்கள் கருதின. உள்ளே இருக்கும் பிளவைப் பேசுவது துரோகமாகத் தோன்றியது. இதைவிடக் கசப்பான காரணம் ஒன்றும் உண்டு. ‘தோட்டக்காட்டான்’ என்ற ஒரே சொல்லால் வெளியார் மலையகத் தமிழர் அனைவரையும், குடியானவர், பள்ளர் என்ற வேறுபாடு பாராமல், கீழே தள்ளினார்கள். தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் வன்னிக்குப் பெயர்ந்தவர்கள், அங்கே சக தமிழர்களின் வாயிலேயே அந்தச் சொல்லைக் கேட்டார்கள். ஊரே தம்மைத் தாழ்ந்த சாதியாக நடத்தும்போது, தமக்குள் இருக்கும் சாதியை யார் வாய்திறந்து சொல்வார்கள்? இந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் அடித்தட்டுக் குடும்பங்களே.

சட்டமும் பெரிதாக உதவவில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் யாழ்ப்பாணத்து ஆலயப் பிரவேசப் போராட்டங்களோடுதான் பேசப்பட்டது. 1978 அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சாதிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் குடிசன மதிப்பீடு சாதியைக் கேட்பதில்லை. கணக்கில் வராததை நிரூபிப்பது எளிதல்ல.

இலக்கியத்துக்கு வருவோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைச் சேரிப் பெண்ணான மருதியின் வழியாக 1935இலேயே எழுதியவர் தமிழக எழுத்தாளர் புதுமைப்பித்தன், கதை ‘துன்பக்கேணி’. மலையகத்துக்குள்ளிருந்து எழுதியவர்கள் வர்க்கச் சுரண்டலை ஆழமாகச் சொன்ன அளவுக்குச் சாதியைத் தொடவில்லை. பதுளையை அடுத்த ஊவாக்கட்டவளையில் பிறந்த தெளிவத்தை ஜோசப் வேறொரு விலக்கை உடைத்தார். அவருடைய ‘மீன்கள்’ கதை, வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பராவில் படுத்துறங்க வேண்டிய தாய் தகப்பனின் அந்தரங்க அவலத்தைச் சொல்கிறது. யாரும் வெளியில் சொல்லத் துணியாத அந்த அவலத்துக்குக் காரணம் மனிதரின் ஒழுக்கக் குறைவல்ல, துரைமார் கட்டிய லயத்தின் அளவு என்று வாசகருக்கு உறைக்கிறது. பதுளைக்காரரான மு. நித்தியானந்தன் ‘கூலித் தமிழ்’ நூலில், தொழிலாளரை அதட்டி வேலை வாங்கத் துரைமாருக்குக் கற்பிக்கப்பட்ட தமிழை ஆவணங்களோடு முன்வைத்தார்.

தப்பின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) எழுப்பியது தப்பு. சாவுக்கும் சாமிக்கும் வெவ்வேறு அடிகளில் ஒலித்ததும் அதுவே. மாசியில் நடக்கும் காமன் கூத்தில் ரதியும் மதனும் அந்த அடிக்குத்தான் ஆடுகிறார்கள். அது இல்லாமல் தோட்டத்தில் நாளும் தொடங்காது, சடங்கும் நடக்காது. இருந்தும் அதை அடித்தவர்கள் பறையர் என்பதால் அது இழிவின் குறியாயிற்று. படித்த பிள்ளைகள் தப்பைத் தொட மறுத்தார்கள். அந்த மறுப்பு நியாயமானது. பின்னர் கலைக்குழுக்கள் அதை மலையகத்தின் பொது அடையாளமாக மேடையேற்றின. இது நல்ல மாற்றம்தான். ஆனால் மேடையில் எல்லாரும் கைதட்டும் அதே தப்பை, இழவு வீட்டில் அடிக்க இன்னும் அந்தச் சில குடும்பங்களையே கூப்பிடுகிறார்கள் என்றால், மாறியது மேடை மட்டுமே.

பெண்கள் மீதான விலக்குகள் வேறு வகை. வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை ஓலைக் குச்சில் கட்டுவது தாய்மாமனின் கடமை. ஒற்றைக் காம்பராவில் அது ஒரு மூலையைச் சேலையால் மறைப்பதாகச் சுருங்கியது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் சடங்கு இன்று மண்டபமும் புகைப்படமுமாகப் பெருத்திருக்கிறது. தீட்டை மறைக்க வேண்டிய நாள் கடன் வாங்கிக் கொண்டாடும் நாளாகியிருக்கிறது. மாதவிலக்கு நாளிலோ மலையேறாமல் இருக்க வழியில்லை. கவ்வாத்துச்சாமி, ரோதமுனி போன்ற தோட்டத்துத் தெய்வங்களின் இடத்தை ஒதுங்கிக் கடந்து, கூடையோடு அன்றும் அவள் கொழுந்தெடுக்கிறாள். சாமிக்கு ஆகாத உடம்பு தோட்டத்துக்கு ஆகிறது. ரேச்சல் குரியன் 1982இலும், மைத்ரி ஜெகதீசன் 2019இலும் வெளியிட்ட ஆய்வுகள் பெண்ணின் உழைப்பையும் வீட்டதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க உதவுகின்றன. மனைவியின் சம்பளத்தைக் கணவன் வாங்கிக்கொண்ட வழக்கத்தைக் குரியன் எழுதியது அக்காலத்தில் துணிச்சலான காரியம்.

பெண்கள் வாய்மூடி இருந்தார்கள் என்றும் எண்ணக் கூடாது. கங்காணியின் கொடுமையும் புருஷனின் அடியும் ஒப்பாரியில் வந்தன. சாவு வீட்டில் அழுகிறவளை யாரும் தடுக்க மாட்டார்கள். மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் இன்னும் ஒரு படி மேலே போனார். தொழிலாளர் கூட்டங்களில், ஆண்கள் முன்னிலையில், தாமே கட்டிய பாட்டுகளைப் பாடினார்.

இன்று பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய், அங்கே சாதி பாராமல் இணைகிறார்கள். ‘கூட்டிக்கிட்டுப் போயிட்டான்’ என்ற ஒரு வாக்கியத்தோடு லயம் சில மாதம் முகம் திருப்பிக்கொள்கிறது. பிள்ளை பிறந்ததும் பாட்டி தானே தேடிப் போகிறாள். விலக்கை யாரும் ரத்துச் செய்வதில்லை, மீறியவர்களை மெல்ல ஏற்றுக்கொள்கிறார்கள்.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கிடைத்த ஆய்வுக் கவனம் பசறை, மடுல்சீமை, லுணுகலைத் தோட்டங்களுக்குக் கிடைக்கவில்லை. பிரட்டுத் தப்பைக் காதால் கேட்டவர்களும், முழு ஒப்பாரியும் மனப்பாடமாய் வைத்திருப்பவர்களும் முதுமையில் இருக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் பணிபுரியும் ஆசிரியர்களையும் பதுளையில் படிக்கும் மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த முதியவர்களின் சம்மதத்தோடு, பெயரை மறைக்கச் சொன்னால் மறைத்து, சாதியை மட்டும் மறைக்காமல், அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள்.