அணையா, ஆண்டவனா?

1972 பிப்ரவரி 26. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பிட்ஸ்டன் நிலக்கரிக் கம்பெனியின் கிளை நிறுவனம் சுரங்கக் கழிவைக் கொட்டி எழுப்பிய அணை உடைந்தது. பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் 125 பேர் மாண்டனர். ஆண்டவன் செயல் என்றது கம்பெனி! கழிவைக் குவித்தவன் ஆண்டவனா? இலாபத்தை எண்ணியவன் ஆண்டவனா?

அம்மக்களின் வழக்கறிஞர்களுக்காக ஆராயச் சென்ற சமூகவியல் அறிஞர் கய் எரிக்சன், 1976இல் 'எவ்ரிதிங் இன் இட்ஸ் பாத்' என்னும் நூலைத் தந்தார். ஊர் சிதைந்தால் உள்ளமும் சிதையும் என உருக்கமாகக் காட்டுகிறார், போற்றுகிறோம். ஆனால், விதிக்குப் பணிதலும் மலைமக்களின் இயல்பில் ஒன்று என்கிறாரே, அங்கே மாறுபடுகிறோம். விதியென்று கிடந்தவர்களா வழக்காடி, 1974இல் 1 கோடியே 35 இலட்சம் டாலர் பெற்றார்கள்? 'பேதை நாட்டுப்புறத்தான்' என்னும் சொல், பழிக்குத் தப்ப நினைப்போர்க்கு வாய்த்த கேடயம். விதியைச் சொன்னது கம்பெனி. நீதியைக் கேட்டவர்கள் மலைமக்கள்!