கைரோஸ் ஏடும் திருச்சபையின் தொடக்கமும்

அநீதியைக் கண்டிக்கும் அறிக்கைகள் உலகில் ஏராளம். அவற்றுட் பெரும்பாலானவை ஆட்சியாளரைச் சாடுவன. தன் வீட்டைத் தானே சோதித்த அறிக்கைகள் மிகச் சில. 1985ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தென்னாப்பிரிக்காவில் வெளிவந்த ‘கைரோஸ் ஏடு’ அச்சிலவற்றுள் ஒன்று. கைரோஸ் என்பது கிரேக்கச் சொல். தவறவிட்டால் மீண்டும் கிட்டாத தக்க தருணம் என்பது அதன் பொருள். அநீதியை எதிர்க்க விரும்பும் கிறிஸ்தவத் திருச்சபை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் இச்சிறு ஏட்டைப் படித்தல் நன்று. நிறையோடு குறையையும் கண்டு படித்தல் இன்னும் நன்று.

அவ்வாண்டு ஜூலையில் வெள்ளையர் அரசு நாட்டின் பல மாவட்டங்களில் அவசரகாலத்தை அறிவித்தது. (அச்சொல்லின் பொருளை 1948 முதல் 1960 வரை மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.) கறுப்பர் குடியிருப்புகளில் படையினர் நடமாடினர். அந்நிலையில் சொவேட்டோவில் கூடிய குருமாரும் இறையியல் வல்லாரும் வரைந்ததே இவ்வேடு. 150க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். எந்தச் சபைப் பேரவையும் தீர்மானமாக நிறைவேற்றித் தந்ததன்று; கீழிருந்து எழுந்த குரல் அது.

ஏடு மூவகை இறையியலைப் பிரித்துக் காட்டுகிறது. முதலாவது அரசின் இறையியல். ‘அதிகாரம் உடையோர்க்கு அடங்குக’ எனப் பொருள்படும் ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை ஆட்சியாளர் தமக்குக் கேடயமாகக் கொண்டதை அது மறுக்கிறது. இம்மறுப்பு வலியதே, ஆயினும் பிறரும் முன்னரே கூறியது. ஏட்டின் உயிர்நிலை இரண்டாம் பகுதியில் உள்ளது. அங்கே குற்றக் கூண்டில் நிற்பவர் ஆட்சியாளர் அல்லர். நிறவெறியை மேடைதோறும் கண்டித்துவந்த ஆங்கிலம் பேசும் திருச்சபைகளே அங்கு நிற்கின்றன!

அவர்தம் குற்றம் யாது? ஒப்புரவு, நீதி, அகிம்சை என்னும் மூன்று நற்சொற்களை அவர்கள் ஆராயாமல் வழங்கினர் என்பதே. ஒப்புரவு என்னும் சொல் ஒன்றையே நோக்குவோம். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என வகுத்தது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம்மவரின் வழித்தோன்றல்களும் அச்சட்டத்துக்குத் தப்பவில்லை. டர்பன் நகரை அடுத்த கேட்டோ மேனரில் அவர்கள் எழுப்பிய கோயில்கள் பல நின்ற இடத்திலேயே நின்றன, குடிகள்தாம் அகற்றப்பட்டனர். வீட்டை இழந்தவனையும் அவ்வீட்டில் குடிபுகுந்தவனையும் ஒருங்கே அழைத்து, ‘பகையை மறந்து கைகுலுக்குங்கள்’ என்று ஒரு போதகர் சொல்வாராயின், அவர் நடுநிலையாளரா? பறித்தவன் பொருள் அவனிடமே இருக்கப் பறிகொடுத்தவன் மனம் மட்டும் மாற வேண்டும் என்கிறார் அவர். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் தவறாக உணர்ந்ததால் எழும் பூசல் வேறு. ஒருவன் மற்றவனை மிதித்து நிற்பதால் எழும் பூசல் வேறு. இவ்வேறுபாட்டை வரைந்து காட்டியதே கைரோஸ் ஏட்டின் தலையாய பணி. நீதி முன்செல்ல ஒப்புரவு பின்வரும் என்பது அதன் துணிபு.

திருச்சபைக்கு இச்சொற்கள் எங்ஙனம் இவ்வளவு மலிவாயின? இதற்கு விடை காண 1857ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு கேப் மாநிலத்து டச்சுச் சீர்திருத்தச் சபையின் பேரவை கூடியது. வெள்ளையரும் பிறரும் ஒரே ஆலயத்தில் கூடி வழிபடுவதே முறை என அது ஒப்புக்கொண்டது. ஆயினும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டுத் தனித்தனியே வழிபடவும் இடந்தந்தது. பலவீனத்துக்குக் காட்டிய சலுகை! 1881இல் நிறத்தாலே வேறுபட்டோர்க்கெனத் தனிச் சபையே அமைந்தது. சலுகை வழக்கமாயிற்று, வழக்கம் கோட்பாடாயிற்று, 1948இல் பதவியேற்ற தேசியக் கட்சி அக்கோட்பாட்டை நாட்டின் சட்டமாக்கியது. திருவிருந்து மேசையில் பிரிந்தவர்கள் பள்ளியிலும் பேருந்திலும் மருத்துவமனையிலும் பிரிந்தது வியப்பன்று.

ஆதலால் தொடக்கம் அம்மேசையில்தான் இருத்தல் வேண்டும். இதனைக் கைரோஸ் ஏடு அறியாததன்று. ஒடுக்குவோரும் ஒடுக்கப்படுவோரும் ஒரே திருச்சபையில் அமர்ந்திருப்பதை அது சுட்டுகிறது. வழிபாடு, ஞானஸ்நானம், ஞாயிறு பள்ளி, சவ அடக்கம் முதலிய சபைப் பணிகள் யாவும் புதுமுறையில் அமைய வேண்டும் என்றும் கூறுகிறது. ஆனால் இவ்வளவு வளமான கருத்துக்கு அது ஒதுக்கிய இடமோ சிறிது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் எதனைப் படிக்க வேண்டும், சபை நிலத்தையும் பணத்தையும் என்செய்வது, குருவின் ஊதியத்தில் நிறவேறுபாடு உண்டா என்பனவற்றை அது விரித்துரைக்கவில்லை. விரைந்து போராட்டக் களத்துக்குச் சென்றுவிடுகிறது.

இவ்விடத்தில் பெல்ஹார் அறிக்கை அதனினும் ஆழ்ந்தது எனலாம். 1881இல் தனியே ஒதுக்கப்பட்ட அச்சபையே 1982இல் அதனை வரைந்து 1986இல் ஏற்றுக்கொண்டது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி என்னும் மூன்றையும் விசுவாசப் பொருளாகவே அது வைத்தது. தனிமனிதரைச் சாடுவது நோக்கமன்று என்று உடன்விடுத்த கடிதத்தில் தெளிவாகச் சொன்னது. கைரோஸ் ஏட்டின் குரல் சூடானது. பெல்ஹாரின் குரல் அடங்கியது. அடங்கிய குரலே மேசைக்கு அருகில் நிற்கிறது.

மற்றொரு குறை அகிம்சையைப் பற்றியது. படைக்கலம் தாங்கிய காவலரின் கொடுமையையும் இளைஞர் எறிந்த கல்லையும் ஒரே தராசில் இடலாகாது என்று ஏடு வாதிடுகிறது. இவ்வாதம் மெய்யே. ஆயினும் ஒடுக்கப்பட்டோர் கைக்கு எல்லை எது என்பதை அது போதிய அளவு ஆராயவில்லை. அவ்வாண்டு ஜூலையில் டுடுசா என்னும் ஊரில் ஒரு சவ அடக்கத்தின்போது, உளவாளி என ஐயுற்ற ஒருவரைக் கூட்டத்தார் எரிக்க முற்பட்டனர். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு இடைபுகுந்து அவரைக் காத்தார். அரசை அவரினும் கடிந்தவர் அரியர். தம் மக்களையும் அவரே தடுத்தார். இச்செயல் கற்பிப்பதை ஏடு கற்பிக்கவில்லை.

தனியொருவர் தொடங்கிய வரலாறும் ஈண்டு நினைக்கத் தக்கது. பெயர்ஸ் நௌடே ஜோஹான்னஸ்பர்க்கில் வெள்ளையர் சபை ஒன்றின் போதகர். ஆப்பிரிக்கானரின் இரகசியச் சங்கத்திலும் உறுப்பினர். 1963இல் பல இனத்தாரும் கூடும் கிறிஸ்தவ நிலையத்தின் பொறுப்பை ஏற்பதா, போதகராக நீடிப்பதா என்னும் நிலை வந்தபோது பிரசங்க பீடத்தை விட்டிறங்கினார். 1977 முதல் 1984 வரை அரசின் தடையாணை அவர்மீது இருந்தது. அறிக்கை எழுதுவதனினும் பதவியை விடுவது கடிது. அவர் கடிதையே முதலிற் செய்தார்.

1990 பிப்ரவரியில் நெல்சன் மண்டேலா விடுதலையானார். அவ்வாண்டு நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் திருச்சபைத் தலைவர்கள் கூடினர். டச்சுச் சீர்திருத்தச் சபையின் இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர் தம் பொருட்டும் தம் சபையின் பொருட்டும் மன்னிப்புக் கேட்டார். டூட்டு எழுந்து அதனை ஏற்றார். இவ்வளவு விரைந்து ஏற்கலாமா எனக் கறுப்பர் சிலர் அவரிடமே முறையிட்டனர். கைரோஸ் ஏடு 1985இல் எழுப்பிய வினா அதே வடிவில் மண்டபத்துக்குள் வந்து நின்றது. கறுப்பர்க்கு நாட்டின் பெரும்பகுதி நிலத்தை மறுத்த 1913ஆம் ஆண்டின் சட்டம் அன்றும் நடைமுறையில் இருந்தது. அது நீக்கப்பட்டது 1991இல்.