மாற்றிப் பார்ப்பது தகுமா?

வெப்பநிலை அளவு தவறினால் ஆலைகளில் முதலில் எழும் மேஸ்திரியின் குரல், "சென்சாரை மாத்து." இதைச் சோம்பேறி வைத்தியம் என்பார்கள் கருவிப் பொறியாளர்கள். ஐஸ் தண்ணீரில் முக்கி, மல்டிமீட்டரில் அளந்து, குற்றம் உறுதியான பிறகே மாற்ற வேண்டும் என்பது அவர்கள் கட்சி. சென்சார் என்றால் எல்லாம் ஒன்றே என்று இரு தரப்பும் நினைப்பதில்தான் கோளாறு.

சாயப்பட்டறைத் தொட்டியில் இருக்கும் பி.டி.100-ஐப் பாருங்கள். அதன் பிளாட்டினத்துக்கு மின்தடை 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். ஒரு டிகிரிக்கு அரை ஓம்கூடத் தேறாது. ஆகவே இரண்டு ஒயர் இணைப்பில் திருகு தளர்ந்து ஓர் ஓம் கூடினாலே திரை இரண்டரை டிகிரி ஏற்றிக் காட்டும். இங்கே சென்சாரை மாற்றினால் அளவு சரியாகிவிடும், வம்பே அதுதான். திருகை இறுக்கியதால் வந்த குணத்தைப் புதுச் சென்சாரின் கணக்கில் எழுதிவிட்டு, நல்ல சென்சாரைக் குப்பையில் போடுவார்கள். பேனலில் ஒயரைக் கழற்றி அங்கே ஓர் அளவு. சென்சாரின் ஹெட்டை (ஒயர்கள் இணையும் தலைப்பெட்டியை) திறந்து, திருகைத் தொடாமல், சென்சாரின் கால்களிலேயே இன்னோர் அளவு. தொட்டி 60 டிகிரியில் இருக்கையில் கால்களில் 123.2 ஓம் வந்தால் சென்சார் நிரபராதி. ஐந்து நிமிட வேலை. இங்கே பொறியாளர் கட்சிக்கே வெற்றி.

உலைக்குள் இருக்கும் கே வகைத் தெர்மோகப்பிளில் நியாயம் தலைகீழாகிறது. மின்னழுத்தம் நுனியில் பிறப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது கம்பி நெடுக, சூடு மாறுகிற பகுதியில் பிறக்கிறது. ஆக்சிஜன் குறைந்த உலையில், 800 முதல் 1050 டிகிரி வரையிலான சூட்டில், கம்பியிலுள்ள குரோமியம் மட்டும் ஆக்சைடாகிப் பச்சை பூக்கும். அதன் பிறகு கருவி குறைத்தே காட்டும். அதை நம்பி ஆபரேட்டர் தீயைக் கூட்டுவார். சந்தேகப்பட்டு வெளியே எடுத்துச் சோதனைக்கூட உலையில் செருகினால், கெட்ட பகுதி முழுக்க ஒரே சூட்டில் கிடக்கும். சூடு மாறும் இடத்தில் கெடாத கம்பி நிற்கும். அளவு சரி என்று சான்றிதழ் வரும். ஐஸ் சோதனை இன்னும் மோசம். நூற்றுக்கு இரண்டு பங்கு பிழை 1000 டிகிரியில் 20 டிகிரி. 30 டிகிரி அறையில் ஐஸில் முக்கினால் அதுவே அரை டிகிரிச் சொச்சம். யார் கண்ணில் படும்?

ஆகவே பழைய தெர்மோகப்பிளைக் கழற்றிச் சோதிப்பது சான்றாகாது. உலை ஓடும்போதே பக்கத்தில், அதே ஆழத்தில், புதிதைச் செருகி ஒப்பிடுவதே சோதனை. வித்தியாசம் வந்தால் பழையதைத் தூக்கிப் போடலாம். படிக்காத மேஸ்திரியின் "மாத்து" இங்கே அறிவியல்.

ஒரு விலக்கு உண்டு. தெர்மோகப்பிள் ஹெட்டிலிருந்து பேனலுக்குப் போகும் கேபிளின் இரு முனையிலும் ஒயர் இடம் மாறியிருந்தால் (அமெரிக்க முறையில் சிவப்புதான் மைனஸ், நம் எலக்ட்ரீஷியன் கை பிளஸ்ஸுக்கே போகும்) அளவு ஏறும், இறங்கும், இயல்பாகவே தோன்றும். ஹெட் 60, பேனல் 30 டிகிரி என்றால் உள்ளதைவிடச் சுமார் 60 டிகிரி குறையும். அந்தக் கேபிளில் மாட்டினால் புதுத் தெர்மோகப்பிளும் அதே 60-ஐ விழுங்கும்.