வில்லன் இல்லாத அழிவு: கிராட் சகோதரர்களின் கார்ட்டூன் பற்றி

சுவரில் பல்லியைப் பார்த்தால் என் மகள் கேட்கும் முதல் கேள்வி, "அப்பா, இதோட பவர் என்ன?" இந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் மார்ட்டின் கிராட், கிறிஸ் கிராட் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அண்ணன் டியூக் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவர். தம்பி கார்ல்டன் கல்லூரியில் உயிரியல். 1996ல் 'கிராட்ஸ் கிரீச்சர்ஸ்', 1999ல் 'ஜபூமஃபூ', 2011லிருந்து 'வைல்ட் கிராட்ஸ்' என்று குழந்தைகளுக்கான விலங்கு நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து எடுத்து வருகிறார்கள். இந்தப் பதிவு முக்கியமாகக் கடைசி நிகழ்ச்சியைப் பற்றியது.

பார்க்காதவர்களுக்கு ஒரு சுருக்கம். முதலில் சகோதரர்கள் நிஜ உருவத்தில், நிஜ விலங்குகளோடு வருவார்கள். அப்புறம் 'இப்படி இருந்தால் எப்படி இருக்கும்?' என்று ஒரு கேள்வி. உடனே இருவரும் கார்ட்டூனாகி விடுவார்கள். மார்ட்டினுக்கு நீலம், கிறிஸுக்குப் பச்சை. அவீவா என்ற பொறியாளர் செய்து கொடுத்த உடையில் ஒரு வட்டைப் பொருத்தி, விலங்கைத் தொட்டால் அதன் திறன் இவர்களுக்கு வந்துவிடும்.

இது நல்ல உத்தி. வல்லூறு மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும் என்பது புத்தகத்தில் ஒரு எண், அவ்வளவுதான். ஆனால் இதுவரை நடந்து கொண்டிருந்த ஆள் திடீரென்று இறக்கையை மடித்துக் கீழே பாய வேண்டும் என்றால், இறக்கையை ஏன் மடிக்கணும் என்ற கேள்வி தானாக வருகிறது. உறுப்பும் அதன் வேலையும் சேர்ந்தே மனதில் பதிகின்றன.

காட்டு விலங்கைத் தொடச் சொல்லிக் கொடுக்கிறார்களே என்று சிலர் குறைப்படலாம். என் குறை வேறு: வில்லன்கள். ஜாக் என்பவன் தன் எந்திரங்களுக்காக விலங்குகளைப் பிடிப்பான். டோனிட்டா ஃபேஷனுக்காக, கூர்மாண்ட் சமையலுக்காக. கடைசியில் விலங்குகள் விடுபடும், எல்லாம் சரியாகிவிடும். பின்னால் பெய்ஸ்லி பேவர் என்றொரு பெண்ணும் வந்தாள். இயற்கையைக் கண்டாலே பிடிக்காது, எல்லா இடத்தையும் கான்கிரீட்டால் மூட வேண்டும் என்பாள். வாழிடம் அழிவதைக் காட்டும்போதுகூட அதற்கு ஒரு கெட்ட ஆள் தேவைப்படுகிறது, பாருங்கள்.

இவர்களுடைய பழைய நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். 'ஜபூமஃபூ'வில் ஒரு நிஜ லெமூர் துள்ளி வந்து தின்பண்டம் சாப்பிடும், பிறகு பேசும் பொம்மையாக மாறும். அந்த லெமூரின் பெயர் ஜோவியன். டியூக் லெமூர் மையத்தில் வாழ்ந்து, 2014ல் இருபது வயதில் இறந்தது. கோக்கரல் சிஃபாக்கா என்ற இனம். மடகாஸ்கரின் வடமேற்குக் காடுகள்தான் அதன் சொந்த இடம். இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களில் அதுவும் ஒன்று. அந்தக் காட்டை எரிப்பதில் ஜாக்குக்கோ டோனிட்டாவுக்கோ பங்கில்லை. பயிர் வைக்க நிலம் தேடுகிறவர்களும், அடுப்புக்குக் கரி தயாரிக்கிறவர்களும்தான் எரிக்கிறார்கள். யாருக்கும் லெமூர் மேல் கோபம் கிடையாது. சண்டை போட்டு ஜெயிக்க எதிரில் ஆளே இல்லை.

என் தொழில் பாஷையில் சொன்னால், இந்த நிகழ்ச்சி விலங்கின் ஃபீச்சர்களைப் பிரமாதமாகச் சொல்கிறது. டிபெண்டன்சியைக் குறைவாகச் சொல்கிறது. அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பீவர் கட்டும் அணை, அதனால் உண்டாகும் குளம், அந்தக் குளத்தை நம்பி வாழும் மற்ற உயிர்கள் என்று ஒரு எபிசோட் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் குழந்தைகள் விளையாடும்போது எடுத்துக்கொள்வது உடையையும் பவரையும்தானே?

அதற்காக டிவியை அணைக்கச் சொல்லவில்லை. கேள்வி கேட்கவே ஆரம்பிக்காத குழந்தையிடம் இரண்டாவது கேள்வியைக் கொண்டுபோக முடியாது. முதல் கேள்வியை இந்தச் சகோதரர்கள் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது நம் பொறுப்பு.

போன வாரம் பல்லியின் கால்விரலில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகளைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, "சரி, இது எதை நம்பி இங்க இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ட்யூப்லைட்டை. லைட்டுக்குத்தானே பூச்சி வருது?"